கம்பெனி ஸ்பேனர் என்று நம்பி வாங்கினேன், ஆறாவது பைப்பில் விட்டது

பம்ப்செட் மெக்கானிக், பிளம்பர், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், வீட்டில் ஒரு ஸ்பேனர் செட் இருக்கட்டும் என்று நினைப்பவர், யாராக இருந்தாலும் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கம்பெனி பெயர் போட்ட போலி டூல்ஸை எனக்கு விற்ற கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிற வழியில் நடக்கட்டும். நடந்தது என்ன, நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் பதினெட்டு வருஷத்துக்கு மேலாக போர் மோட்டார் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். நம்ம பக்கம் போர் எவ்வளவு ஆழம் போகிறது என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 600, 700 அடி சாதாரணம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கீழே போய்விட்டால், "இன்னும் ரெண்டு பைப் சேத்து எறக்கிப் போடுப்பா" என்று தக்காளித் தோட்டத்துக்காரர்கள் விடியும் முன்னே போன் செய்வார்கள். அந்த இரண்டு மாதம் எங்களுக்குத் தூக்கம் இல்லை, டூல்ஸுக்கும் ஓய்வு இல்லை.

என்னிடம் இருக்கும் ரிங் ஸ்பேனர் செட் 2007-இல் வாங்கியது. தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் கூடவே வந்து, "ஒரு வேளை சோறு கொறஞ்சாலும் பரவால்ல, டூல்ஸ்ல மட்டும் மிச்சம் புடிக்காத" என்று சொல்லி வாங்க வைத்தார். அன்றைக்கு அது என் பத்து நாள் கூலி. இன்றைக்கும் அந்தப் பன்னிரண்டு ஸ்பேனரில் ஒன்றுகூட வாய் விரியவில்லை. உள்ளங்கை படுகிற இடத்தில் மட்டும் பளபளப்பு போய் மங்கியிருக்கிறது. இடையில் அவசரத்துக்கு என்று சந்தையில் மலிவு விலைக்கு மூன்று செட் வாங்கினேன். ஒன்றும் வருஷத்தைத் தாண்டவில்லை. அதனால் விலை உயர்ந்த டூல்ஸ் நின்று பிடிக்குமா என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் பிடிக்கும் என்று சொல்லிவந்தவன் நான். அந்த நம்பிக்கையைத்தான் இந்தக் கடைக்காரர் காசாக்கிக் கொண்டார்.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையனுக்குத் தனியாக ஒரு செட் வாங்கலாம் என்று போன பங்குனியில் தர்மபுரி டவுனுக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் கடை அன்று பூட்டியிருந்தது. இன்னொரு கடையில் நுழைந்தேன். பெரிய கடை, நல்ல கூட்டம். நான் கேட்ட கம்பெனியின் பெயரைச் சொன்னதும் யோசிக்காமல் எடுத்து வைத்தார்கள். 6-7 முதல் 30-32 வரை பன்னிரண்டு ரிங் ஸ்பேனர் 2,850 ரூபாய், 18 இன்ச் பைப் ரிஞ்ச் 1,650, 8 இன்ச் கட்டிங் பிளேயர் 420. ஒரிஜினலுக்கு என்ன விலையோ அதே விலை. பாதி விலை சொல்லியிருந்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். 4,920-இல் இருபது ரூபாய் தள்ளுபடி செய்து 4,900 வாங்கினார்கள். 3,000 போனில் அனுப்பினேன், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன்.

பில் கேட்டேன். "பில்லு போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் மேஸ்திரி, எதுக்கு வீணா? ஏதாவது ஆச்சுன்னா கொண்டாங்க, நான் இங்கதான இருக்கேன்" என்றார். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். சரி என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

இரண்டாவது வாரம் காரிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் எடுக்கும் வேலை. 600 அடி, ஒன்றேகால் இன்ச் ஜிஐ பைப், மொத்தம் முப்பது பைப். இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பைப்பைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடிதான் கிளாம்பு. ஒரு கிளாம்பு மேலே தூக்குகிற கொக்கியில் இருக்கும், இன்னொன்று போர் வாயில் இருக்கும். ஒரு பைப் முழுசாக வெளியே வந்ததும், இரண்டு பைப்பைச் சேர்க்கிற கப்ளிங்குக்கு ஒரு சாண் கீழே, அடுத்த பைப்பில் கிளாம்பு போட்டு, போல்ட்டை முறுக்கி, போர் வாயில் நிற்கிற கேசிங் குழாய் மேல் உட்கார வைப்போம். பாரம் முழுக்க அந்தக் கிளாம்பு மேல் வந்த பிறகுதான் மேல் பைப்பைக் கழற்றுவோம். ஒரு பைப் 19 கிலோ, உள்ளே நிற்கிற தண்ணீரைச் சேர்த்தால் 25 கிலோ வரும். ஆறாவது பைப் வெளியே வந்த நேரத்தில் கீழே தொங்கிய பாரம் 600 கிலோவுக்குக் குறையாது. அத்தனையையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த 16 எம்எம் போல்ட்டுகள்தான், அவற்றை முறுக்குவது 24-ஆம் நம்பர் ஸ்பேனர்.

பையன் புது 24-27ஐப் போட்டு முறுக்கினான். "டைட்டாயிடுச்சுண்ணா" என்றான். நானும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன், கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. கொக்கியைத் தளர்த்தினோம். பைப் சர்ரென்று இறங்கியது. ஒரு சாண் தூரம்தான். கப்ளிங் வந்து கிளாம்பில் இடித்து நின்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அரை நிமிஷம் முன்னால் பையனின் கை அந்த ஒரு சாண் இடைவெளியில்தான் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கொக்கியை மறுபடி இழுத்துப் பிடித்துவிட்டு ஸ்பேனரைப் பார்த்தேன். ரிங்கின் உள்பக்கம் பன்னிரண்டு மூலை இருக்குமே, எல்லாம் வழித்துவிட்ட மாதிரி மழுங்கிக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கடைசி அரைச் சுற்றில் நட்டு திரும்பவே இல்லை, ஸ்பேனர்தான் நட்டின் மேல் உராய்ந்து திரும்பியிருக்கிறது. அந்த உராய்வைத்தான் இறுக்கம் என்று இரண்டு பேர் கையும் நம்பியிருக்கிறது. மேல் பூச்சு பெயர்ந்த இடத்தில் உள்ளே சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. வெடித்து உடைகிற ஸ்பேனராக இருந்தால்கூட முறுக்கும்போதே தெரிந்துபோயிருக்கும். இப்படி மாவு மாதிரி விட்டுக்கொடுக்கிற ஸ்பேனர் வெளியே எதையும் காட்டாது, கையை ஏமாற்றிவிடும்.

வண்டியில் இருந்த என் 2007 செட்டை எடுத்து மீதி இருபத்துநான்கு பைப்பையும் எடுத்தோம். புது பைப் ரிஞ்சும் அதே கதைதான். ஆறு ஜாயிண்ட் கழற்றியதற்குள் மேல் தாடையின் பல் மழுங்கி, பைப்பைக் கவ்வாமல் வழுக்க ஆரம்பித்துவிட்டது. பழைய துருப்பிடித்த ஜாயிண்டில் ரிஞ்ச் திடீரென்று வழுக்கினால் என்ன ஆகும் என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மொத்த உடம்பு பாரத்தோடு போய்க் கேசிங்கில் மோத வேண்டியதுதான்.

மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றைக்கு "வாங்க மேஸ்திரி" என்றவர், இன்றைக்கு "என்ன?" என்றார். காட்டினேன். "பைப்பு சொருகி இழுத்திருப்பீங்க, அதான் போயிருக்கு" என்றார். ஸ்பேனர் பிடியில் பைப் சொருகி இழுக்கவே இல்லை என்றேன். "எங்க கடையில வாங்கினதுக்கு பில்லு இருக்கா?" என்று கேட்டார். துண்டுச் சீட்டை நீட்டினேன். "இதுல கடை பேரே இல்லையே" என்றார். பில் போடாதவரும் அவர்தான், பில் கேட்டவரும் அவர்தான். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அன்று பட்ட அவமானம் 4,900 ரூபாயைவிடப் பெரிது.

என் மைத்துனர் ஐடிஐயில் ஃபிட்டர் பாடம் நடத்துகிறார். அவரிடம் பழைய 24-27ஐயும் புதுசையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும்தான் எனக்கே கண் திறந்தது.

முதல் விஷயம், போலிதான் கனமாக இருந்தது. "கையில கனமா இருந்தா நல்ல டூல்ஸ்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நல்ல ஸ்பேனர் குரோம் வனேடியம் ஸ்டீலில் செய்வது. பழுக்கக் காய்ச்சி, அச்சில் அடித்து உருவாக்கி, பிறகு மறுபடி சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, கடைசியாக மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். அந்தப் பதம் ஏறியதால் சுவர் மெல்லிசாக இருந்தாலும் தாங்கும், இடுக்கில் இருக்கிற நட்டுக்குள்ளும் நுழையும். பதம் ஏற்றாத சாதாரண இரும்பில் செய்கிறவனுக்குத் தடிமனைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. மைத்துனர் பழையதன் பிடியில் ஓர் ஓரமாக அரத்தை வைத்து ராவினார். அரம் வழுக்கியது, லேசாகத்தான் கீறல் விழுந்தது. புதுசில் ராவினார், கட்டுக்கம்பியை ராவுகிற மாதிரி பொடி உதிர்ந்தது. ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவுகோலில் நல்ல ஸ்பேனர் 40-க்கு மேல் இருக்கும், பிளேயரின் வெட்டுகிற முனை 55-க்கு மேலே போகும் என்றார். சாதாரண மைல்ட் ஸ்டீலை அந்த அளவுகோலில் அளக்கவே முடியாதாம்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்கிற ஆட்களும் உண்டு. அது வேலைக்கு ஆகாது. குரோம் வனேடியமும் காந்தத்தில் ஒட்டும், மட்டமான இரும்பும் ஒட்டும்.

எழுத்தைப் பாருங்கள். என் பழைய செட்டில் கம்பெனி பெயரும் நம்பரும் உலோகத்திலேயே புடைத்துத் தெளிவாக நிற்கும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இருட்டில் விரலால் தடவி எந்த ஸ்பேனர் என்று சொல்லிவிடுவேன். புதுசில் எழுத்து ஆழமே இல்லை. 24-இல் வரும் 4 பக்கத்து எழுத்தைவிட ஒரு நூல் இறங்கியிருந்தது. பெட்டியைக் கையில் வாங்கிய அன்றைக்கே இதைப் பார்த்திருக்கலாம்.

பெட்டிக்கு வருகிறேன். 2011-இல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிப்படி, தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். என் பெட்டியில் விலை ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மாதம், வருஷம் இல்லை. முகவரியில் பின்கோடு ஐந்து இலக்கம்தான்! பின்கோடு ஆறு இலக்கம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், நான் கவனிக்கவில்லை.

பிளேயரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், இதில் உயிர் இருக்கிறது. அதன் பிடியில் 1000 வோல்ட் என்று ஒரு ஸ்டிக்கர். வெயிலில் வண்டிக்குள் ஒரு நாள் கிடந்ததற்கே பிடியின் உறை இளகி, திருகினால் கழன்று கையோடு வந்துவிட்டது. மின்சார வேலைக்கென்று சோதித்து வருகிற பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வி என்பதும் உறையிலேயே பதிந்திருக்கும். ஐ.இ.சி. 60900 என்ற தரத்தின்படி அதை 10,000 வோல்ட்டில் சோதிப்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் அது காப்பு ஆகாது. நம்முடையது 415 வோல்ட் மூன்று பேஸ் லைன். எந்தப் பிளேயராக இருந்தாலும் மெயினை இறக்கி, பீஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு இதைத் தயவு செய்து சொல்லிக் கொடுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மலிவானது எல்லாமே மட்டம் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். என் கடப்பாரையும் கொடுவாளும் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கொல்லரிடம் வாங்கியவை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்த கொடுவாள். கம்பெனி பெயர் கிடையாது, விலையும் அதிகம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக உழைக்கிறது. மூன்று தடவை பட்டறையில் கொடுத்துத் தோய்த்து வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு அடிக்கத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது. அந்தக் கொல்லர் தன் பொருளை இன்னொருவன் பெயரைப் போட்டு விற்கவில்லை. எது எந்த இரும்பு என்று கேட்டால் சொல்வார். ஸ்பேனர், பைப் ரிஞ்ச், பிளேயர் மூன்றையும் மட்டும் பட்டறையில் செய்ய முடியாது, அளவும் பதமும் சரியாக வர வேண்டும். அந்த மூன்றுக்குப் பணம் போடுங்கள். சுத்தியல், உளி, கடப்பாரைக்குப் பெரிய விலை தேவையில்லை என்பது என் அனுபவம். மலிவுக் கடையில் நூறு ரூபாய்க்குப் பிளேயர் வாங்குகிறவர் ஏமாறுவதில்லை, அது எவ்வளவு நாள் வரும் என்று தெரிந்துதான் வாங்குகிறார். நூறு ரூபாய்ச் சரக்கை 420 ரூபாய்க்கு விற்கிறார்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

பில் விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச விலையில் எல்லா வரியும் அடங்கியிருக்கிறது. பில் போட்டால் அதற்கு மேல் 18 சதவீதம் சேரும் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடையில் எதையும் வாங்காமல் இறங்கி வந்துவிடுங்கள். பில்லில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வரும். பொருளின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "ஸ்பேனர் 1 செட்" என்று மட்டும் எழுதினால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

என்னிடம் பில் இல்லை. ஆனால் 3,000 ரூபாய் போனில் அனுப்பிய பதிவு இருந்தது, தேதியோடும் கடையின் பெயரோடும். மைத்துனர்தான் அதை எடுக்கச் சொன்னார். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். புகார் போனது தெரிந்ததும் கடைக்காரர் போன் செய்து, "நீங்க தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் சட்டம் உங்களுக்குச் செல்லாது" என்று மிரட்டிப் பார்த்தார். அது முழு உண்மை இல்லை. வாங்கி விற்கிறவனுக்கும் வியாபாரத்துக்கு வாங்குகிறவனுக்கும்தான் அந்த விலக்கு. தன் கையால் உழைத்துப் பிழைக்கிறவன் அந்தப் பிழைப்புக்காக வாங்கிய பொருள் என்றால், 2019 சட்டப்படி அவனும் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். போலி முத்திரை போட்ட பொருளை விற்பது தனிக் குற்றம், 1999 டிரேட் மார்க் சட்டத்தின் 104-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது. இதெல்லாம் கடைக்காரருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

போன வாரம் மறுபடி அழைத்தார். "வாங்க, வேற செட்டு மாத்தித் தர்றேன்" என்றார். அதே அலமாரியில் இருந்து அதே பெட்டியைத்தானே எடுத்துக் கொடுப்பார்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணம் திரும்ப வேண்டும், அதே பெட்டிகளை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. இந்த இரண்டும்தான் என் கோரிக்கை. கழன்ற உறை, மழுங்கிய ரிஞ்ச், வாய் விரிந்த 24-27, அந்தப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். நீங்களும் ஏமாந்திருந்தால் பொருளையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதற்கிடையில் வழக்கமான கடையில் ஒரு ரிங் ஸ்பேனர் செட்டும் ரிஞ்சும் வாங்கிவிட்டேன். எழுத்தைத் தடவிப் பார்த்தேன், பின்கோடை எண்ணினேன், பில்லை வாங்கி அங்கேயே போட்டோ எடுத்தேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, டார்ச் அடித்துக் காட்டினார். 2007 செட்டைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். புதுசு என் கையில் இருக்கட்டும். இந்தக் கோடை முடியும் வரை அது எப்படி நிற்கிறது என்று நான் பார்த்துவிடுகிறேன், பிறகு அவன் கையில் கொடுக்கலாம்.